ஆபீஸுக்குத் தைத்த உடுப்பை ஐப்பசி மழையில் வெளியே போடுவது: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

தக்கலைக்காரி:

அளவெடுத்துத் தைச்ச உடுப்புதான் நம்ம அலமாரியிலேயே நமக்குச் சரியா உக்காருற உடுப்பு. அதைத் திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் போட்டுட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆனா தொளதொளன்னு ஒரு டாப்பை மாட்டிக்கிட்டு வெளியில போறதுல எனக்குச் சம்மதமே கிடையாது. அதுவும் ஐப்பசி கார்த்திகையில. ஒரு மேலுடுப்பு போட்டா உடம்பு தாங்குற மாசம் நம்ம பக்கத்துல வேற எது?

குமரி மாவட்டத்துக்கு ரெண்டு மழை. ஆனி ஆடிச் சாரலுக்கு ஒரு குடை போதும். ஐப்பசி மழை அப்படி இல்லை. மத்தியானம் வரைக்கும் 30 டிகிரியில காயும். நாலு மணிக்கு வேளிமலை கறுக்கும், இடி இடிக்கும், கொட்டித் தீர்க்கும். ராத்திரி 23, 24க்கு இறங்கிரும். ஈரத்தோட பஸ் ஜன்னலோரம் உக்காந்தா பல்லு கிட்டும். அதனால சட்டுன்னு போடவும் சட்டுன்னு கழட்டவும் வசதியா ஒண்ணு வேணும். ஆபீஸ் கோட்டு அதுக்குன்னே தைச்ச மாதிரி இருக்கும். ஆனா அப்படியே போட்டா ஆடிட்டுக்குப் போறவ மாதிரி இருக்கும்.

நான் முதல்ல செய்யிறது ஜோடியைப் பிரிக்கிறது. கோட்டும் அதோட பேண்ட்டும் சேர்ந்து வந்தா ஆபீஸ். கோட்டு மட்டும் வந்து, கீழ வெளுத்த காட்டன் பேண்ட்டோ நீளப் பாவாடையோ வந்தா அது ஊர் சுத்துற உடுப்பு. விறைப்பா ஒண்ணு, தளர்வா ஒண்ணு. ரெண்டும் தளர்வானாலும் சரிப்படாது.

என்னோட சாம்பல் கோட்டு மீனாட்சிபுரத்துல ஒரு டெய்லர் அண்ணாச்சி தைச்சது. விடுமுறை நாள்ல அதோட கையை முழங்கைக்குக் கீழ வரைக்கும் மடக்கி விடுவேன். அப்ப உள்ள இருக்கிற லைனிங் வெளியே தெரியுமே, பளபளன்னு கறுப்புல, அது எனக்கு உறுத்திக்கிட்டே இருந்தது. அம்மாவோட பழைய சுங்குடிச் சேலையில கிழியாத பாகத்தைக் கொண்டு போய்க் குடுத்து, கை முழுக்க இதை வச்சுத் தாங்க அண்ணாச்சின்னு கேட்டேன். அவரு துணியை விரலிடையில தேச்சுப் பாத்துட்டுச் சொன்னாரு: "பருத்தி வழுக்காது பிள்ளே. உள்ள போட்டிருக்க சட்டைக் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே கிடக்கும். மணிக்கட்டுலேருந்து ஒரு சாண் மட்டும் சுங்குடி வைக்கேன், மேல வழவழப்பே கிடக்கட்டும்." அப்படியே வச்சுத் தந்தாரு. இப்ப மடக்கினா கருஞ்சிவப்புல வெள்ளைப் புள்ளி வரிசையா வெளிய வரும். கையை இறக்கி விட்டா ஒண்ணுமே தெரியாது, மறுநாள் மீட்டிங்குக்கு அதே கோட்டு போகும்.

அவரே சொல்லி இன்னொண்ணும் செஞ்சாரு. தோள்ல இருந்த கனத்த ஷோல்டர் பேட்-ஐ எடுத்துட்டு மெல்லிசா ஒண்ணு வச்சாரு. லைனிங்கை ஓரத்துல பிரிச்சா போதும், சின்ன வேலைதான். தோள் இறங்கினதும் கோட்டோட முகமே மாறிருச்சு.

பேண்ட்டுக்கு நான் கண்டது பிரஸ் பட்டன். ஆபீஸுக்கு ஹீல்ஸ் போடுவேன், பேண்ட் நீளம் அதுக்குத் தைச்சது. ஞாயிற்றுக்கிழமை ரப்பர் செருப்பு போட்டா அடி ஓரம் சேத்துத் தண்ணியில புரளும். கால் மடிப்புக்கு உள்பக்கம் சுத்தி பிரஸ் பட்டன் வச்சுக்கிட்டா ரெண்டு விரல் உயரத்துக்கு மடக்கிப் பூட்டிரலாம். கணுக்கால் தெரியும், ஈரமும் படாது. இஸ்திரி போடும்போது முன்பக்கக் கோடு பிடிக்காம விட்டா பாதி ஆபீஸ் அங்கேயே போயிரும்.

ஒரு சாயந்தரம் வடசேரி பஸ் ஸ்டாண்டுல அந்தக் கோட்டோட நின்னேன். நல்ல மழை. பக்கத்துல ஒரு வயசான டீச்சரம்மா, ரிட்டயர் ஆனவங்க. ரொம்ப நேரமா கையையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. "மக்ளே, இது எங்க குடுத்துத் தைச்சே? உள்ள சுங்குடியா?"ன்னு கேட்டு மடிப்பைத் தொட்டுப் பாத்தாங்க. தக்கலை பஸ்ல பக்கத்துலயே உக்காந்தாங்க. அவங்க வேலைக்குப் போன காலத்துல நல்ல கைத்தறிச் சேலை கொஞ்சந்தானாம். பள்ளிக்கூடத்துக்குக் கஞ்சி போட்டு, மடிப்பு கத்தி மாதிரி நிக்கிற மாதிரி கட்டுவாங்களாம். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு அதே சேலையைக் கஞ்சி போடாம அலசி, முந்தானையை ஒத்தையா விட்டுக் கட்டிக்கிட்டு, மேல ஒரு கம்பளிச் சட்டை. "ஒரே சேலைதான். ஆனா பிள்ளைகளுக்கு என்னைய அடையாளமே தெரியாது"ன்னாங்க. நான் அண்ணாச்சிகிட்ட காசு குடுத்துச் செஞ்சதெல்லாம் அவங்க கஞ்சித் தண்ணியிலயே செஞ்சிருக்காங்க!

உங்க பக்கத்துல நடந்ததைச் சொல்லுங்க. ஆம்பளைங்களும் எழுதுங்க.

குலசேகரம்வாசி:

ஆம்பளைங்க சார்பா நான் வாரேன். எங்க பாடு சட்டையில. தைச்ச ஃபார்மல் சட்டை உள்ள விட்டுப் போடுறதுக்குன்னு வெட்டினது, முன்னும் பின்னும் வளைஞ்சு நீளமா இறங்கும். வெளிய விட்டா தொடையில தொங்கும். என் சட்டைகள்ல காலர் நைஞ்சு ஆபீஸுக்கு ஆகாததை எடுத்து அடியை நேரா வெட்டச் சொன்னேன், பக்கத்துல சின்னத் திறப்பு. நீளம் பேண்ட் பின்பாக்கெட்டுக்குப் பாதியில நிக்கணும். அதைவிடக் குட்டையாப் போனா கை தூக்கும்போது வயிறு தெரியும். காலரைப் பிரிச்சுத் திருப்பி வச்சும் தைச்சுத் தருவாங்க, நைஞ்ச பக்கம் உள்ள போயிரும். அந்தக் காலத்து வேலைதான், தெரிஞ்ச டெய்லர் இன்னும் இருக்காங்க.

எங்க மலைப்பக்கத்துல பெரிய எதிரி பூசணம். ஐப்பசியில ரப்பர் தோட்டத்துக்கு நடுவுல வீடுன்னா சுவரே வேர்க்கும். டெரிவுல் பேண்ட்டை லாண்டரி பிளாஸ்டிக் உறையோட அப்படியே தொங்க விட்டா ஈரம் உள்ளயே கிடந்து வெள்ளை வெள்ளையாப் படியும். உறையைக் கழட்டிப் போட்டுட்டு, வெயில் எட்டிப் பாக்குற நேரத்துல அலமாரிக் கதவைத் திறந்து வைங்க. நனைஞ்ச கோட்டை உடனே இஸ்திரி போடாதீங்க, நல்ல தடியான ஹேங்கர்ல ஃபேன் காத்துல காயட்டும்.

திருவிழாவுக்கு நான் போடுறது இதுதான்: முழுக்கைச் சட்டை, கையை ரெண்டு மடி மடக்கி, கீழ வேட்டி. பெல்ட்டும் ஷூவும் போனாலே அந்தச் சட்டை வேற ஆளு.

மார்த்தாண்டம் டூ மான்செஸ்டர்:

நான் இங்கிலாந்துல ஆஸ்பத்திரி வேலை. இங்க இலையுதிர் காலம்னா செப்டம்பர் முதல் நவம்பர் வரைக்கும். அக்டோபர்ல பகல்ல 13, 14, ராத்திரி 7 டிகிரி. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளுவாங்க, அதோட அஞ்சு மணிக்கு முன்னாலயே பொழுது சாஞ்சிரும். தக்கலை அக்கா சொன்ன அதே ஜோடிப் பிரிக்கிற வேலையை இங்க எல்லாரும் செய்யிறாங்க. கம்பளிக் கோட்டுக்கு உள்ள சட்டைக்குப் பதில் மெல்லிசான ஸ்வெட்டர், கீழ ஜீன்ஸ், கணுக்கால் பூட்ஸ். காவி, கடுகு, பாசிப் பச்சைன்னு நிறம் மாறும். என் கூட வேலை பாக்குற ஒரு வெள்ளைக்கார அம்மா, ஓய்வு பெறப் போறவங்க, கோட்டு காலரைத் தூக்கி விட்டு அதுக்குள்ள ஸ்கார்ஃபைச் சொருகிக் காமிச்சாங்க. கோட்டோட நெஞ்சுத் திறப்பு வழியாத்தான் குளிர் ஏறுமாம். அன்னைக்கு முதல் அப்படித்தான் போடுதேன்.

ஆனா கேட்டியளா, கார்த்திகையில ஊருக்கு வரும்போது இந்த முறை ஒண்ணும் செல்லாது. கம்பளியோட திருவனந்தபுரத்துல இறங்கினா களியக்காவிளை வாரதுக்குள்ள முதுகு நனைஞ்சிரும். நிறத்தை மட்டும் ஊருக்குக் கொண்டு வந்தேன், துணியைக் கொண்டு வரல. கடுகு நிறத்துல கைத்தறித் துப்பட்டா, லைனிங் இல்லாத லினன் கோட்டு. அம்மா பாத்துட்டு "கொள்ளாம்"னு, அதான் நல்லா இருக்குன்னு, ஒரு வார்த்தை சொன்னாங்க. எங்க அம்மா லேசுல சொல்றவங்க இல்லை.

தோவாளை டெய்லர்:

எல்லாத்தையும் வாசிச்சேன், சந்தோஷமா இருக்கு. தொழில்காரனா ஒரு எச்சரிக்கை சொல்லணும். ஜோடியைப் பிரிச்சுப் போட்டா ரெண்டும் ஒண்ணு போல வெளுக்காது. பேண்ட்டைத்தான் அடிக்கடி துவைப்பீங்க, கோட்டைத் துவைக்க மாட்டீங்க. ஒரு வருஷம் கழிச்சு மீட்டிங்குக்குச் சேத்துப் போட்டா ரெண்டும் ரெண்டு சாம்பலா நிக்கும். அதுக்கு வழி, துணி எடுக்கும்போதே ஒரே தானில, அதாவது ஒரே துணிச் சுருள்ல, ரெண்டு பேண்ட்டுக்கு எடுத்துருங்க. 58 அங்குல அகலத் துணியில ஒரு பேண்ட்டுக்கு 1.20 மீட்டர் ஆகும், உயரமானவங்கன்னா 1.30. ஒண்ணு ஆபீஸுக்கு, ஒண்ணு உங்க இஷ்டத்துக்கு.

அப்புறம் மழை. கோட்டு முன்பக்கம் விறைப்பா நிக்கிறதுக்குள்ள ஃப்யூசிங் ஒட்டியிருக்கும். சூடு வச்சு ஒட்டின பசை அது. நனைஞ்சு, மறுபடி அதிகச் சூட்டுல இஸ்திரி போட்டா பசை விட்டுக் கொப்புளம் கொப்புளமா எழும்பும். எழும்பினதைப் பழைய மாதிரி ஆக்குறது ரொம்பக் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை மழையில போடுறதுக்குன்னே தைக்கிறவங்க ஃப்யூசிங் கொஞ்சமா, லைனிங் முதுகுல பாதி மட்டும் வச்சுக் கேளுங்க. உள்தையலுக்குப் பட்டி வச்சு முடிக்கணும், கூலி கூடும், ஆனா கழட்டிக் கையில போட்டாலும் உள்பக்கம் பாக்க அழகா இருக்கும். ஆரல்வாய்மொழி காத்துல எங்க பக்கத்துல கோட்டு எந்நேரமும் திறந்துதான் பறக்கும், உள்பக்கமும் நாலு பேரு பாக்கத்தான் செய்வாங்க.

தக்கலைக்காரி:

அண்ணாச்சி, ரெண்டு பேண்ட் விஷயம் யாரும் எனக்குச் சொன்னதே இல்லை. அடுத்த துணி எடுக்கும்போது அப்படித்தான். மார்த்தாண்டம் தங்கச்சி, அந்த லினன் கோட்டை ஒரு நாள் தக்கலைக்குப் போட்டுட்டு வாங்க.

சொத்தவிளைப் பிள்ளை:

அக்கா, அண்ணாச்சி, எனக்கு ஒரு சந்தேகம். இன்டர்வியூவுக்குன்னு அப்பா தைச்சுக் குடுத்த கறுப்புக் கோட்டு. வேலை கிடைச்சாச்சு, அங்க கோட்டே தேவையில்லை. அப்பா ஆசையா எடுத்த துணி, அலமாரியில கிடக்கிறதைப் பாத்தா மனசு கேக்கல. கன்னியாகுமரி கண்ணாடிப் பாலத்துக்கு ஃபிரெண்ட்ஸோட போகையில போடலாம்னு பாத்தா, கல்யாண வீட்டு மேனேஜர் மாதிரி இருக்குன்னு தங்கச்சி சொல்லுதா. என்ன செய்யலாம்?

தோவாளை டெய்லர்:

துணியைத் தொட வேண்டாம் மக்ளே. பட்டனை மாத்துங்க. கறுப்புல பளபளக்கிற பிளாஸ்டிக் பட்டன்தான் அந்த மேனேஜர் தோற்றத்தைக் குடுக்குது. தேங்காய்ச் சிரட்டையில கடைஞ்ச பட்டன் கிடைக்கும், பழுப்புல நார் ஓடின மாதிரி. முன்பக்கத்துக்கு 20 மில்லிமீட்டர், கைக்கு 15. காஜா அதே அளவு, அதனால வேற வேலை கிடையாது. தடிச்ச நூல்ல, பட்டனுக்கும் துணிக்கும் நடுவுல ஒரு தீக்குச்சி கனத்துக்கு இடம் விட்டுக் கட்டுங்க, இல்லேன்னா பூட்டும்போது துணி சுருங்கும். உள்ள வெள்ளைச் சட்டை வேண்டாம், துவைச்சுத் துவைச்சு மெலிஞ்ச ஏதாவது நிறச் சட்டை போடுங்க. பாலத்துல போட்டோ எடுத்தா அப்பாவுக்கு முதல்ல அனுப்புங்க.