இரைச்சலையே தாளமாக்கும் இசை: கேட்க முடிவது ஏன்?

தறிவீட்டான்:

அனைவருக்கும் வணக்கம். 'ரிதமிக் நாய்ஸ்' என்றும் 'பவர் நாய்ஸ்' என்றும் சொல்லப்படும் இசையைச் சில மாதங்களாக விடாமல் கேட்டு வருகிறேன். பெல்ஜியத்தின் இம்மினன்ட் ஸ்டார்வேஷன், ஜெர்மனியின் விண்டர்கெல்ட்டே, ஸ்பெயினின் எஸ்ப்ளென்டோர் ஹெயோமெத்ரிகோ ஆகியோரின் தொகுப்புகளை ஒரு மணி நேரம் தொடர்ந்து கேட்டாலும் எனக்குச் சலிப்பதில்லை. ஆனால், ஜப்பானின் மெர்ஸ்போவுடைய தாளமற்ற முழு இரைச்சலைப் பத்து நிமிடங்களுக்கு மேல் தாங்க முடியவில்லை. ஒலியின் முரட்டுத்தனத்தில் இவை ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல என்பதால் இந்த வேறுபாடு என்னைக் குழப்புகிறது.

"அடியில் டிரம் ஓடுகிறது, மனம் அதைப் பிடித்துக்கொள்கிறது" என்று எளிதாகப் பதில் சொல்லிவிடலாம். நானும் அப்படித்தான் நினைத்து, கணினியில் ஓர் இரைச்சல் பதிவின்மேல் டிரம் ஒலியை வைத்துப் பார்த்தேன். அடைமழையில் பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்பதுபோல் இருந்ததே தவிர, இவர்களுடைய இசைபோல் இல்லை.

எனக்கு நினைவுக்கு வருவது எங்கள் வீட்டையொட்டி இருந்த தறிப்பட்டறைதான். ஒரு தறியின் அருகில் நின்றால் நாடா (ஊடு நூலைக் கொண்டுபோகும் கட்டை) இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிபடும் சத்தம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 முறை தெளிவாகக் கேட்கும். அதே பட்டறையின் வாசலில் நின்றால், ஒன்றோடொன்று இசையாமல் ஓடும் 24 தறிகளும் சேர்ந்து ஓட்டு வீட்டின்மேல் பெய்யும் மழையாகிவிடும். ஒரே சத்தம் ஓரிடத்தில் தாளமாகவும் மற்றோரிடத்தில் இரைச்சலாகவும் இருப்பதற்கும் என் கேள்விக்கும் தொடர்பு உண்டா? விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பழைய கேசட்:

தொடர்பு உண்டு என்றே நினைக்கிறேன். முதலில் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன்; ஒலி நுட்பத்தை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

இயந்திர இரைச்சலை இசையாகக் கேட்கலாம் என்ற எண்ணம் 1913இலேயே இத்தாலிய ஓவியர் லூயிஜி ருஸ்ஸோலோவால் அறிக்கையாக எழுதப்பட்டுவிட்டது. 1948இல் பாரிஸில் பியேர் ஷேஃபர் ரயில் எஞ்சின்களின் சத்தத்தைப் பதிவுசெய்து, அதை வெட்டியும் திரும்பத் திரும்ப ஓடவிட்டும் ஓர் இசைத்துண்டை அமைத்தார். ஆயினும் நீங்கள் கேட்கும் இசையின் தாய்வகைக்கு 'இண்டஸ்ட்ரியல்' (தொழிற்சாலை இசை) என்ற பெயர் நிலைத்தது 1976இல் லண்டனின் த்ராபிங் கிரிஸில் குழுவினர் தங்கள் வெளியீட்டு நிறுவனத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டிய பிறகுதான்.

மேற்கு பெர்லினில் 1980 ஏப்ரல் முதல் தேதி மேடையேறிய ஐன்ஸ்டுர்ட்செண்டே நொய்பவுட்டன் குழுவினர் இரும்புத் தகடு, ஸ்பிரிங், துளையிடும் கருவி ஆகியவற்றையே தாளக் கருவிகளாக்கினர். குழுவின் பெயருக்கு 'இடிந்து விழும் புதுக்கட்டடங்கள்' என்று பொருள். அடுத்த மாதமே அந்நகரின் மாநாட்டு மண்டபக் கூரை உண்மையிலேயே இடிந்து விழுந்தது. இவர்கள் மேல் பழி எதுவும் இல்லை. 1957இல் கட்டிய கட்டடம் அது.

உங்கள் கேள்விக்கு நெருக்கமானவர்கள் என்றால், அதே 1980இல் மாட்ரிடில் தொடங்கிய எஸ்ப்ளென்டோர் ஹெயோமெத்ரிகோ குழுவினரைத்தான் சொல்வேன். 'வடிவியல் பேரொளி' என்று ஏறத்தாழப் பொருள்படும் அந்தப் பெயரை 1914இல் இத்தாலியக் கவிஞர் மரினெட்டி எழுதிய அறிக்கையின் தலைப்பிலிருந்து எடுத்துக்கொண்டனர். ராகம் இல்லை, பாட்டு என்று சொல்லத்தக்கதும் இல்லை. ஒரே அடியைச் சில நிமிடங்கள் உருட்டிக்கொண்டே போய், அதன் ஓரங்களை மட்டும் மெல்ல மாற்றுவார்கள். பின்னர் வந்த ஜெர்மானியர்கள் பலரும் இவர்களுக்குக் கடன்பட்டவர்கள்.

தொண்ணூறுகளில் ஜெர்மனியின் ஆன்ட்-ட்ஸென், ஹாண்ட்ஸ் ஆகிய இரு இசை வெளியீட்டு நிறுவனங்களும் இந்த வகைக்குத் தாய்வீடாயின. 'பவர் நாய்ஸ்' என்ற பெயரை 1997இல் நாய்செக்ஸ் என்ற பெயரில் இயங்கிய ரவூல் ரூக்கா புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1999இல் மஷீனென்ஃபெஸ்ட் என்ற விழா தொடங்கியது. அதே 1999இல் இம்மினன்ட் ஸ்டார்வேஷன் வெளியிட்ட 'நோர்ட்' தொகுப்பின் சிறப்புப் பதிப்பில், அதுவரை பயன்படுத்திய மிக்சரை (ஒலிகளைக் கலக்கும் கருவி) உடைத்து அதன் துண்டுகளையும் பெட்டியில் வைத்துக் கொடுத்தார் ஒலிவியே மொரோ. மிக்சர் என்ன பாவம் செய்தது என்று நான் நினைத்ததுண்டு. ஆனால் இந்த இசையில் மிக்சர்தான் வாத்தியம் என்று தெரிந்த பிறகு, அவர் உடைத்தது தம் வீணையையே என்று புரிந்தது.

சர்க்யூட் பலகை:

பழைய கேசட் அவர்கள் இறுதியில் தொட்ட இடத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் தறிவீட்டான் செய்த சோதனை தோற்றதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் இரைச்சலைத் தனியாகவும் டிரம்மைத் தனியாகவும் வைத்து, இரண்டையும் கூட்டினீர்கள். அவை ஒன்றையொன்று தொடவே இல்லை. இந்த இசையில் பெரும்பாலும் இரண்டும் ஒரே டிஸ்டார்ஷன் (ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும் கருவி) வழியாகப் போகின்றன. எல்லா வேறுபாடும் அதில்தான்.

டிரம் மெஷினின் (டிரம் ஒலிகளை மின்னணு முறையில் எழுப்பும் கருவி) கிக் ஒலியை, அதாவது கனத்த அடித்தள டிரம்மின் ஒலியை, எடுத்துக்கொள்ளுங்கள். 1980இல் வந்த ரோலண்ட் டிஆர்-808இல் அது மெல்லத் தேய்ந்து மறையும் சைன் அலைதான் (வழவழப்பாக ஏறி இறங்கும் எளிய அலை). அதன் அளவைக் கூட்டிக் கூட்டி, கருவி தாங்கும் எல்லைக்கு மேல் தள்ளினால், அலையின் உச்சியும் அடியும் வெட்டுப்பட்டுத் தட்டையாகி, சதுர அலையை நெருங்கும். அப்போது இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. மூல ஒலியில் இல்லாத மேல் அதிர்வெண்கள் (சீராக வெட்டினால் மூல அதிர்வெண்ணின் ஒற்றைப்படை மடங்குகள்) புதிதாக முளைத்து, மெத்தென்ற கிக் கரகரப்பாகிறது. தவிர, தேய வேண்டிய வால்பகுதியும் எல்லைக்கு மேலேயே நிற்பதால் தலைப்பகுதி அளவுக்கே உரத்து, அடிக்கும் அடிக்கும் இடையிலான வெற்றிடத்தை நிரப்பிவிடுகிறது. டிரம் இவ்வாறுதான் இரைச்சலாகிறது.

இப்போது அதே டிஸ்டார்ஷனுக்குள் தொடர்ச்சியான ஒரு சீறலையும் சேர்த்து அனுப்புங்கள். கிக் விழும் கணத்தில் அது எல்லை முழுவதையும் ஆக்கிரமித்துவிடுவதால் சீறலுக்கு இடமே இல்லை, ஏறத்தாழ மறைந்துவிடும். கிக் தேயத் தேயச் சீறல் மேலெழுந்து வந்து, அடுத்த கிக் விழுந்ததும் மீண்டும் அமுங்கும். நெரிசலான பேருந்தின் ஒரே வாசலில் பருத்த ஆள் ஏறும்போது மற்றவர்கள் ஒதுங்கி, அவர் உள்ளே போனதும் முண்டியடிப்பது போன்றது இது. யாரும் தனியாக ஏற்பாடு செய்யாமலே இரைச்சல் தாளத்தோடு மூச்சு விடத் தொடங்குகிறது. நீங்கள் கேட்பது இந்த மூச்சைத்தான்.

எதிர்த் திசையிலும் போகலாம். வெள்ளிரைச்சலை (எல்லா அதிர்வெண்களும் சம அளவில் கலந்த சீறல்) 'கேட்' என்ற கருவி வழியாக அனுப்பி, டிரம் மெஷினின் துடிப்பு வரும்போது மட்டும் அந்தக் கதவு திறக்குமாறு அமைத்தால், இரைச்சல் துண்டுதுண்டாகிக் கைத்தட்டலைப்போல் விழும். நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில், ஓர் அடியை நான்காகப் பிரித்தால் ஒரு துண்டுக்கு 125 மில்லிவினாடி கிடைக்கும். கதவு 30 மில்லிவினாடி திறந்தால் சொடுக்கு, 100 திறந்தால் செருமல். எந்த வாத்தியத்தையும் மாற்றாமல் இந்த ஓர் எண்ணை மட்டும் திருகிக்கொண்டு முழுப் பாடலையும் நடத்திச் செல்பவர்கள் உண்டு.

காது ஏன் சலிக்கவில்லை என்பதற்கும் ஒரு சான்று சொல்கிறேன். 1963இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த நியூமன் கட்மன், பேலா யூலெஸ் இருவரும் வெள்ளிரைச்சலின் ஒரு துண்டை அப்படியே திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டுச் சோதித்தனர். வினாடிக்கு 4 முதல் 19 முறை திரும்பினால் மோட்டார்ப் படகு ஓடுவதுபோலவும், 1 முதல் 4 முறை திரும்பினால் 'உஷ்' என்று வீசி அடங்குவதுபோலவும் கேட்டது. எந்த ஒழுங்கும் இல்லாத ஒலியாயினும், அதே துண்டு மீண்டும் வந்தால் செவி அதை அடையாளம் கண்டு, அதற்குள் மேடுபள்ளங்களைத் தேடத் தொடங்கிவிடுகிறது. உங்கள் ஒற்றைத் தறி வினாடிக்கு இரண்டு முறை அடிக்கிறது. வாசலில் கேட்கும் 24 தறிகளின் கூட்டொலியோ ஒருபோதும் தன்னை அப்படியே திரும்பச் சொல்வதில்லை.

மேற்குச்சுவர்:

ஒலி விளக்கத்தை ஏற்கிறேன். வரலாற்றில் மட்டும் ஒரு மறுப்பு உண்டு. 'தொழிற்சாலை இசை' என்றதும் ஆலைத் தொழிலாளர்கள் பிறப்பித்த இசை என்று எண்ணிவிடுகிறோம். த்ராபிங் கிரிஸில் குழுவினர் நிகழ்த்துகலைக் குழு ஒன்றிலிருந்து வந்தவர்கள்; 'மரணத் தொழிற்சாலை' என்று அவர்கள் பெயரிட்ட ஹாக்னி ஸ்டூடியோவும் ஆள் நடமாட்டம் ஒழிந்த ஓர் ஆலையின் அடித்தளமே. ஓடும் ஆலையின் சத்தத்தை நாள் முழுவதும் கேட்டவன் வீட்டுக்கு வந்து அதையே போட்டுக் கேட்பானா என்பது ஐயம்தான். விதிவிலக்காக, லண்டனின் டெஸ்ட் டிபார்ட்மென்ட் குழுவினர் 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது தெற்கு வேல்ஸ் தொழிலாளர்களின் பாடகர் குழுவுடன் சேர்ந்தே இசைத்தட்டு வெளியிட்டனர்.

இன்னொன்று: 2000க்குப் பிறகு இந்த வகையில் வந்தவற்றில் பாதி, நடன அரங்குக்கென்றே ஒரே அச்சில் வார்த்தவை. டிஸ்டார்ஷன் ஏறிய கிக், மேலே ஒரு சைரன், நடுவில் ஏதோ ஒரு திரைப்பட வசனம். சலிப்பதில்லை என்கிறீர்கள், எனக்குச் சலித்துவிட்டது. அந்த அச்சிலிருந்து தப்பியவர்களாக, எஃகு நகரமான கனடாவின் ஹாமில்டனிலிருந்து வந்த ஆர்ஃபெக்ஸ் குழுவினரைச் சொல்வேன். இரைச்சலை விடாமலே டெக்னோ என்ற மின்னணு நடன இசையின் பக்கம் நகர்ந்தார்கள். அடிக்கும் அடிக்கும் இடையில் காற்றோட்டம் விட்டார்கள்.

தறிவீட்டான்:

அனைவருக்கும் நன்றி. மேற்குச்சுவர் அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: தறி ஓட்டிய என் தந்தை வீட்டில் ரேடியோகூடப் போட விடமாட்டார். ஆகவே உங்கள் ஐயத்தில் நியாயம் இருக்கிறது.

நேற்றிரவு இரண்டு சோதனைகள் செய்தேன். டிரம்மையும் சீறலையும் ஒரே டிஸ்டார்ஷன் வழியாக அனுப்பியதும் பக்கத்து வீட்டு ரேடியோ மறைந்தது. சீறல் உண்மையாகவே அமுங்கி எழுந்தது. பிறகு, உறவினர் ஒருவரின் பட்டறை வாசலில் கைபேசியில் பதிந்து வைத்திருந்த சத்தத்திலிருந்து அரை வினாடியை வெட்டித் தொடர்ந்து ஓடவிட்டேன். முதல் ஏழெட்டுச் சுற்றுகளில் எதுவும் தெரியவில்லை. பிறகு ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் 'டக்' என்ற சத்தமும், அதைத் தொடர்ந்து சங்கிலி உரசுவது போன்ற ஒன்றும் கேட்கத் தொடங்கின. மூலப் பதிவை மீண்டும் கேட்டால் அவை இரண்டும் இல்லை. நான் வெட்டி ஒட்டிய இடத்தின் சத்தமா அது?

சர்க்யூட் பலகை:

'டக்' ஒட்டுப்போட்ட இடத்தின் சத்தமாக இருக்கலாம். துண்டின் முடிவையும் தொடக்கத்தையும் 5 மில்லிவினாடி அளவுக்கு ஒன்றின்மேல் ஒன்று படியுமாறு கரைத்துவிட்டு, மீண்டும் ஓடவிடுங்கள். ஒட்டின் சத்தமாக இருந்தால் 'டக்' போய்விடும். சங்கிலி அப்போதும் கேட்டால், அது மூலப் பதிவிலேயே இருந்து, திரும்பத் திரும்ப வந்ததால் மட்டும் செவிக்குப் பிடிபட்டதாக இருக்கலாம். ஹெட்போனில் கேட்பதானால் ஒலியளவைப் பாதிக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள்; இத்தகைய சோதனைகளில் நேரம் போவது தெரியாது.