கல்வீச்சு வழக்கில் தண்டனை: மேல்முறையீட்டில் எதை முன்வைப்பது?

கேள்வி:
2019இல் குடிநீர் கேட்டு நடந்த சாலை மறியலில் கல்வீச்சு ஏற்பட்டு, காவலர் ஒருவர் காயமடைந்ததாகவும் அரசுப் பேருந்தின் கண்ணாடி உடைந்ததாகவும் தொடரப்பட்ட வழக்கில், என் தம்பி உட்பட 11 பேருக்கு சார்பு நீதிமன்றம் சென்ற வாரம் மூன்றாண்டு சிறைத்தண்டனை விதித்தது. பிரிவுகள்: இந்திய தண்டனைச் சட்டம் 147 (கலகம்), 149உடன் (சட்டவிரோதக் கூட்டத்தில் ஒருவர் செய்த குற்றத்துக்கு மற்றவர்களும் பொறுப்பு) இணைந்த 332 (பணியிலிருக்கும் அரசு ஊழியரைக் காயப்படுத்துதல்), தமிழ்நாடு பொதுச்சொத்து சேதத் தடுப்புச் சட்டம் 3(1). தம்பி கல்லெறிந்ததாக ஒரு சாட்சியும் சொல்லவில்லை. இது ஒன்றே விடுதலைக்குப் போதுமா?

பதில் 1:
போதாது. ஐந்து பேருக்குக் குறையாத சட்டவிரோதக் கூட்டத்தின் பொது நோக்கத்தில் பங்குகொண்டவர் என்று நிரூபணமானால், கல்லெறியாதவரையும் 149 பிடிக்கும். 1964இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த மசால்டி வழக்கைக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பில் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். பெருங்கூட்ட வழக்குகளில் இரண்டு மூன்று சாட்சிகளாவது முரணின்றி அடையாளம் காட்டினால்தான் ஏற்கலாம் என்ற பகுதியை மட்டும் படித்துவிட்டு, ஒவ்வொருவரும் தனியாக என்ன செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை என்று அதே தீர்ப்பு சொல்வதை விட்டுவிடுவார்கள். ஆகவே தம்பி வேடிக்கை பார்க்க நின்றாரா, மறியலில் இருந்தாரா, கல்வீச்சு தொடங்கிய பின்னும் கூட்டத்தோடு நின்றாரா என்பதைச் சாட்சியத்திலிருந்தே காட்ட வேண்டும்.

மேல்முறையீடு மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில், 30 நாளுக்குள். தண்டனை மூன்றாண்டுக்கு மேற்படாததால், பிணையில் இருந்தவருக்கு மேல்முறையீடு செய்யும்வரை விசாரணை நீதிமன்றமே தண்டனையை நிறுத்திவைக்கலாம்.

பதில் 2:
காயமடைந்த காவலரின் விபத்துப் பதிவேட்டு (காயத்தோடு வருபவரைப் பற்றி மருத்துவமனையில் எழுதப்படும் பதிவு) நகலை முதலில் எடுத்துப் பாருங்கள். மருத்துவரிடம் அவர் யார் தாக்கியதாகச் சொன்னார் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். முதல் தகவல் அறிக்கை நடுவர் நீதிமன்றத்தை எத்தனை மணிக்கு அடைந்தது என்பதையும், அடையாள அணிவகுப்பு (பலரை வரிசையில் நிறுத்தி, சாட்சியை அடையாளம் காட்டச் சொல்வது) நடந்ததா என்பதையும் பாருங்கள். பேருந்துச் சேதம் தனியாக நிரூபிக்கப்பட வேண்டியது. தீர்ப்பில் காவலர் காயத்துக்கான சாட்சியத்தை அதற்கும் சேர்த்து எழுதியிருந்தால் அது தனி வாதம்.

கேட்டவர்:
பார்த்தேன். ‘அடையாளம் தெரியாத சுமார் 20 பேர்’ என்றே பதிவேட்டில் இருக்கிறது. ஆனால் குறுக்கு விசாரணையில் அந்தக் காவலரிடம் இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பதில் 2:
அது பெரிய குறை. முன்பு சொன்னதைக் காட்டி முரணை அவர் வாயால் வரவழைக்காததால், காவலரின் சாட்சியத்தை அதைக் கொண்டு நேராக உடைக்க முடியாது. இருந்தாலும், சான்றாவணமாகக் குறியீடு செய்யப்பட்டு மருத்துவரும் அதைப் பேசியிருந்தால், பெயர்கள் பின்னர் சேர்க்கப்பட்டிருக்கலாம் என்ற ஐயத்துக்கு அதைத் துணையாக வைக்கலாம். மேல்முறையீட்டுக் காரணங்களில் முதலிடத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.