கடையில் பிடித்து வைத்திருக்கும் மார்க் ஷீட்டை எப்படி வாங்குவது?

வணக்கம். என் சித்தி மகள் தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருக்கிறாள். சேரும்போதே பத்தாம் வகுப்பு ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இப்போது நின்றுவிடுகிறேன் என்றால், "ஆடித் தள்ளுபடி முடியட்டும், பார்க்கலாம்" என்கிறார் சூப்பர்வைசர். போன மாதச் சம்பளமும் வரவில்லை.

காலை 9 மணிக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு 10. 2021-ல் தமிழ்நாட்டில் உட்காரும் உரிமைக்குச் சட்டத்திருத்தம் வந்தபின் தளத்துக்கு 2 நாற்காலி போட்டார்கள். அதில் புடவைக் கட்டுகள்தான் உட்கார்ந்திருக்கின்றன. இவள் உட்கார்ந்தால் 50 ரூபாய் பிடித்தம். ராத்திரி ஹாஸ்டலில் காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாளாம்.

கடைகள் சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம்தான், மிஞ்சினால் இரட்டைச் சம்பளம் என்பது தெரியும். ஆனால் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு எதுவும் கிடையாது. கையில் இருப்பது அடையாள அட்டையும் வாட்ஸ்அப்பில் வந்த ஷிஃப்ட் பட்டியலும்தான். இதை வைத்துத் தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் புகார் கொடுத்த யாராவது இருக்கிறீர்களா? மார்க் ஷீட்டுக்கு போலீஸா, வக்கீல் நோட்டீஸா? ஊரில் சித்தப்பாவுக்கு இன்னும் தெரியாது. பொதுவில் சொல்லத் தயங்கினால் இன்பாக்ஸுக்கு வாருங்கள்.