முதல் மின்விமானத்துக்கு எந்த மோட்டார், எந்த பேட்டரி?

கேள்வி: ரிமோட்டில் பறக்கும் 800 கிராம் ஃபோம் பயிற்சி விமானம் செய்கிறேன், இதுதான் முதல் முறை. 2200 கேவி மோட்டார் போட்டால் சக்தி அதிகம் என்கிறார்கள், சரியா?

பதில்: இல்லை. கேவி என்பது சக்தி அல்ல, சுமையில்லாமல் சுழலும்போது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதுதான். பழகும்போது மெதுவாகப் பறப்பதே முக்கியம், அதனால் 1000 கேவி பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டார், 9 அங்குல ப்ரொப்பெல்லர், 3 செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி போதும். விமான எடையில் கிலோவுக்கு 200 வாட் என்று வைத்தால் உங்களுக்கு 160 வாட், அதாவது 3 செல்லின் 11.1 வோல்ட்டில் சுமார் 15 ஆம்பியர். 30 ஆம்பியர் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) போடுங்கள்.

இன்னொரு பதில்: பேட்டரி 1300 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி, அதன் கொள்ளளவு) எடுங்கள், பெரிதானால் எடை கூடும். ஒரு செல் 3.5 வோல்ட்டுக்கு வருமுன் தரையிறக்கிவிடுங்கள். அப்புறம், முழு சார்ஜில் நாள்கணக்கில் வைக்காதீர்கள், உப்பிவிடும்.

கேட்டவர்: அப்படியென்றால் சேமித்து வைக்க?

பதில்: செல்லுக்கு 3.8 வோல்ட்.