ரிமோட் ரேஸ் கார் லைப்போ பேட்டரியில சார்ஜ் ஏறலை, சார்ஜர் எரர் காட்டுது. என்ன செய்யலாம்?

புழுதிக்கார்:
எல்லாருக்கும் வணக்கம். 1:10 அளவு (நிஜக் கார்ல பத்துல ஒரு பங்கு) ரிமோட் எலெக்ட்ரிக் பகி கார் வச்சிருக்கேன். முன்னாடி ஆறு செல் நிக்கல் பேட்டரி, 7.2 வோல்ட். ரெண்டு மாசம் முன்னாடி 2எஸ் லைப்போவுக்கு (ரெண்டு செல் வரிசையா இருக்கிற லித்தியம் பாலிமர் பேட்டரி) மாறினேன், 7.4 வோல்ட், 5000 எம்ஏஎச். போன ஞாயிறு கார் நிக்கிற வரைக்கும் ஓட்டிட்டு, ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணி அப்படியே வச்சுட்டேன். நேத்து சார்ஜ் போட்டா 'லோ வோல்டேஜ்'னு காட்டி நின்னுடுது. மல்டிமீட்டர்ல மொத்தம் 5.1 வோல்ட். சார்ஜரை நிக்கல் மோடுல போட்டு அஞ்சு நிமிஷம் ஏத்தினா சரியாயிடும்னு ஒரு வீடியோவுல சொல்றாங்க. இன்னிக்கு ராத்திரி செஞ்சு பார்க்கலாமா? விலை அதிகம், தூக்கிப்போட மனசு வரலை.

ஒயர்மேன்:
வேண்டாம் தம்பி, தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க. நிக்கல் மோடுல சார்ஜர், ஒவ்வொரு செல் வோல்டேஜையும் தனியாக் காட்டுற பேலன்ஸ் ஒயரைப் பார்க்காது. நிக்கல் செல் நிறைஞ்சதும் வோல்டேஜ் லேசா இறங்கும், அந்த இறக்கத்தை வச்சுத்தான் அது நிறுத்தும். லைப்போவுல அந்த இறக்கமே கிடையாது. ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டினாலும் அது பாட்டுக்குக் கரண்ட்டைத் தள்ளிக்கிட்டே இருக்கும். வீட்டுல தீப்பிடிக்கிற வழி அது.

முதல்ல ஒவ்வொரு செல்லையும் தனியா அளங்க. வெள்ளை பேலன்ஸ் பிளக்குல மூணு பின் இருக்கும். கறுப்பு ஒயர் பின்னுக்கும் நடுப் பின்னுக்கும் ஒரு செல், நடுப் பின்னுக்கும் கடைசிக்கும் இன்னொண்ணு. மீட்டர் முனை ரெண்டு பின்னை ஒண்ணாத் தொட்டுடாம பார்த்துக்கங்க. பேட்டரி உப்பியிருக்கான்னும் சொல்லுங்க.

புழுதிக்கார்:
ஒண்ணு 3.0, இன்னொண்ணு 2.1. ஒரு பக்கம் லேசா உப்பின மாதிரி இருக்கு அண்ணே.

ஒயர்மேன்:
அப்போ அது முடிஞ்சது. செல் அவ்வளவு கீழே போய் நாள் கணக்குல கிடந்தா உள்ளே இருக்கிற செப்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். திரும்ப ஏத்தும்போது அந்தச் செம்பு கண்ட இடத்துல படிஞ்சு உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். இன்னிக்கு ஏறுற மாதிரி தெரிஞ்சாலும் நாளைக்கு சார்ஜ்ல இருக்கும்போது வெடிச்சா என்ன பண்றது? பணம் போனது வருத்தம்தான், ஆனா இதை விட்டுடுங்க.

பழைய_பிட்டுக்காரன்:
தம்பி, கார் நிக்கிற வரைக்கும் ஓட்டினேன்னு சொன்னீங்களே, விஷயம் அங்கேதான் இருக்கு. நாங்க நிக்கல் காட்மியம் வச்சு ஓட்டின காலத்துல, ரேஸ் முடிஞ்சதும் பல்பு மாட்டி பேட்டரியைக் காலி பண்ணுவோம். பாதியில சார்ஜ் போட்டா செல்லுக்கு 'மெமரி' வந்து, அப்புறம் முழு அளவு சார்ஜ் தராதுன்னு பயம். அந்தப் பழக்கம் கையில அப்படியே தங்கிடுச்சு. நானும் என் முதல் லைப்போவை இப்படித்தான் கொன்னேன், இன்னும் மனசு ஆறலை. லைப்போவுக்கு மெமரியும் இல்லை, காலி பண்ண வேண்டிய அவசியமும் இல்லை. ஓடும்போதே செல்லுக்கு 3.2, 3.3 வோல்ட் வந்ததும் நிறுத்திடணும்.

இன்னொண்ணு: மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற உங்க ஸ்பீடு கன்ட்ரோலர் இன்னும் நிக்கல் செட்டிங்லயே இருக்கும்னு நினைக்கிறேன், அதை லைப்போவுக்கு மாத்துங்க. அதனாலதான் வோல்டேஜ் இறங்கினதும் தானா கட்-ஆஃப் ஆகலை. சிலதுல ஜம்பர்னு ஒரு குட்டி பிளக்கை மாத்தணும், சிலதுல பட்டனை அழுத்தி பீப் எண்ணணும், மேனுவலைப் பாருங்க. ஸ்விட்ச் ஆஃப்ல இருந்தாலும் கன்ட்ரோலர் கொஞ்சம் கரண்ட் இழுக்கும். ஒரு வாரம் மாட்டியே இருந்தா மிச்சமும் போயிடும். ஓட்டி முடிச்சதும் முதல் வேலை பிளக்கைக் கழட்டுறதுதான்.

மைதானம்22:
செத்த பேட்டரியை உப்புத் தண்ணியில ஊறவச்சுக் குப்பையில போட்டா போதும்னு கேள்விப்பட்டேன்.

ஒயர்மேன்:
அதை நம்பாதீங்க. உப்புத் தண்ணி கனெக்டரையும் தகட்டையும் அரிச்சுடும். இணைப்பு அறுந்துட்டா சார்ஜ் உள்ளேயே மாட்டிக்கும், வெளியே மீட்டர் பூஜ்யம் காட்டும். ஆட்டோ ஸ்பேர் கடையில 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு வாங்கி, மிச்ச சார்ஜை இறக்க பேட்டரியில மாட்டுங்க. வெளியே, வெறும் சிமெண்ட் தரையில, பக்கத்துல எரியிற பொருள் எதுவும் இல்லாம. பல்பு அணைஞ்ச பிறகும் ஒரு நாள் அப்படியே விடுங்க. பூஜ்யம் ஆனதும் முனைகளுக்கு டேப் சுத்தி, மின்கழிவு வாங்குற இடத்துல கொடுங்க. குப்பை வண்டியில போட்டா நசுக்கும்போது தீப்பிடிக்கும், அந்த வண்டியில வேலை செய்யிறவங்களை நினைச்சுப் பாருங்க. பேட்டரியை மண்ணுல புதைக்கவோ எரிக்கவோ கூடாதுன்னு 2022 பேட்டரிக் கழிவு விதிகளும் சொல்லுது.

புழுதிக்கார்:
ரொம்ப நன்றி அண்ணே. பல்பு மாட்டினேன், கொஞ்ச நேரத்துல அணைஞ்சது, இன்னும் கழட்டலை. கன்ட்ரோலர் நிக்கல்லதான் இருந்துச்சு, லைப்போவுக்கு மாத்திட்டேன். புது பேட்டரி வந்திருக்கு, செல் 3.84, 3.83. எப்படி சார்ஜ் போடணும்?

ஒயர்மேன்:
லைப்போ பேலன்ஸ் மோடு, 2எஸ், 5 ஆம்ப். 5000 எம்ஏஎச்சுக்கு அதுதான் 1சி, அதாவது பேட்டரி கொள்ளளவுக்குச் சமமான கரண்ட். செல்லுக்கு 4.20, மொத்தம் 8.40ல தானா நிக்கும். பழைய மண்சட்டிக்குள்ள வச்சு, தரையில, நீங்க பக்கத்துல இருக்கும்போது மட்டும் போடுங்க. தூங்கப் போகும்போது வேண்டாம். ஓட்டி வந்த சூடு கையில தெரியாம ஆறின பிறகுதான் சார்ஜ். சித்திரை வெயில்ல பூட்டின காருக்குள்ள வச்சுட்டுப் போகவே போகாதீங்க.

புழுதிக்கார்:
முழுசா சார்ஜ் பண்ணி வச்சிருந்தேன், மழை வந்து ஓட்ட முடியலை. சார்ஜர்ல டிஸ்சார்ஜ் போட்டா ரொம்ப நேரம் ஆகுதே, சார்ஜர் கெட்டுப்போச்சா?

பழைய_பிட்டுக்காரன்:
கெடலை தம்பி. சின்ன சார்ஜர் பலதும் 5 வாட் வேகத்துலதான் இறக்கும். உங்க பேட்டரியை ஓட்டாம எடுத்து வைக்க ஏத்த ஸ்டோரேஜ் அளவுக்கு, அதாவது செல்லுக்கு 3.8 பக்கம் கொண்டுவர நாலு மணி நேரம் பிடிக்கும். ரெண்டு மூணு நாள்ல ஓட்டப் போறீங்கன்னா அப்படியே இருக்கட்டும். வாரக்கணக்குல வைக்கிறதா இருந்தா மழை விட்டதும் வாசல்ல ஏழெட்டு நிமிஷம் மெதுவா ஓட்டி, அளந்து பார்த்துட்டு கழட்டி வைங்க.