மஞ்சப்பையில் கிடந்த பழைய ரிப்போர்ட்டுகள்

அம்மாவுக்கு 67 வயசு, சர்க்கரை வந்து பன்னிரண்டு வருஷம். கல்லிடைக்குறிச்சியிலிருந்து பாளையங்கோட்டைக்கு பஸ்ஸில் போய் வந்தாலே மறுநாள் முட்டுவலியில் எழுந்திருக்க மாட்டாள், பார்த்துக்கொண்டிருந்த டாக்டரும் ஊரைவிட்டுப் போய்விட்டார், சரி என்று புது டாக்டரிடம் வீடியோ காலில் காட்டினோம்.

கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின், புது ரிப்போர்ட்டில் 1.4. "முன்னால எவ்வளவு இருந்துச்சு?" என்றார். எனக்கு எங்கே தெரியும்? பின்னாலிருந்து அம்மா, "எல்லாம் பைக்குள்ளதாம்ல கெடக்கு, எடுத்துக் காட்டு" என்றாள். கரண்ட் பில், நகைக்கடை ரசீதோடு சுருட்டி வைத்த மஞ்சப்பை. அவசரத்தில் டியூப்லைட் வெளிச்சத்தில் 19 போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் தள்ளினேன். பாதியில் தேதி இல்லை, மடிப்போடு போயிற்று. மெஷினில் வந்த சின்னத் துண்டுச்சீட்டு ரெண்டும் வெளிறி வெள்ளைத்தாளாகி இருந்தன. திடீரென்று டாக்டர், "அம்மாவுக்கு எதுக்குங்க பிராஸ்டேட் டெஸ்ட் எடுத்தீங்க?" என்றார். அது அப்பாவுடைய ரிப்போர்ட்! அதற்குள் நேரம் முடிந்துவிட்டது, கட்டின பீஸும் போச்சு.

அன்று ராத்திரி நாற்பது பக்க நோட்டில் ஒரே பக்கமாக எழுதினேன். 2022ல் கிரியேட்டினின் 1.3, அடுத்த ரெண்டு வருஷமும் 1.4, பக்கத்தில் மூணு மாசச் சராசரி சர்க்கரையைக் காட்டுகிற எச்பிஏ1சி, எந்த லேப் என்பது. மறுநாள் அந்த ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பினேன். பார்த்துவிட்டு, "அப்ப இது திடீர்னு ஏறலை, கிட்னி கொஞ்சம் மந்தம்தான், ஆனா அப்படியே நிக்குது" என்றார். கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று சொல்கிற ஈஜிஎஃப்ஆர் 45க்குக் கீழே இருப்பதால் சர்க்கரை மாத்திரை மெட்பார்மினைப் பாதியாக்கினார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள்: "இத்தனை வருஷத்துல யூரின்ல ஆல்புமின் ஒரு தடவைகூடப் பார்க்கலையா?" பார்க்கவே இல்லை. கிட்னி வழியாகப் புரதம் கசிகிறதா என்று காட்டுகிற இது, சர்க்கரைக்காரர்களுக்கு வருஷம் ஒரு தடவை பார்க்க வேண்டிய டெஸ்டாம். பன்னிரண்டு வருஷம் ரத்த டெஸ்டுக்கே காசைக் கொட்டியிருக்கிறோம்.

*

அண்ணாச்சி, உங்க மஞ்சப்பைக் கதையைப் படித்தேன், எங்க வீட்டில் வேறு கூத்து. அத்தான் கத்தாரில் எடுத்த ரிப்போர்ட்டைக் கொண்டுவந்தார், கிரியேட்டினின் 115 என்று இருக்கவும் மைனி அழவே ஆரம்பித்துவிட்டாள். அங்கே மைக்ரோமோல் என்கிற வேறு அலகில் போடுகிறார்கள், 88.4ஆல் வகுத்தால் நம்ம ஊர்க் கணக்கில் 1.3 என்று வீடியோவில் டாக்டர் சொன்ன பிறகுதான் சோறு இறங்கியது. எண்ணை மட்டும் எழுதாமல் பக்கத்தில் இருக்கிற அலகையும் எழுதுங்கள்.

*

நான் அம்பையில் (அம்பாசமுத்திரம்) லேபில் வேலை பார்க்கிறேன். அண்ணாச்சி சொன்ன அந்த வெளிறிப்போன துண்டுச்சீட்டு சூட்டில் அச்சாகிற தாள், வெளிறத்தான் செய்யும். பில்லில் கொடுத்த போன் நம்பரைச் சொன்னால் எங்கள் லேபில் பழைய ரிப்போர்ட்டை பிடிஎஃப்பாகத் திரும்ப அனுப்புவோம், ஆனால் கேட்கிறவர்கள்தான் இல்லை.