பெங்களூரு ஆட்டோக்களில் இன்னும் சங்கர் நாக் படம் ஏன்?

மடிவாளா_மணி:
வேலைக்காக பெங்களூரு வந்ததிலிருந்து பார்க்கிறேன், எந்த சிக்னலில் நின்றாலும் முன்னால் நிற்கும் ஆட்டோவின் முதுகில் கன்னட நடிகர் சங்கர் நாக் முகம் இருக்கிறது. ஆள் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. 1980-இல் 'ஆட்டோ ராஜா' என்ற படத்தில் ஆட்டோ டிரைவராக நடித்தாராம், அதுதான் காரணம் என்கிறார்கள். அந்த வேடம் போட்ட நடிகர்கள் எத்தனையோ பேர், அவர்களை யாரும் இப்படி ஒட்டிக்கொண்டு திரிவதில்லையே? அவர் படங்களில் எதை முதலில் பார்க்கலாம்?

கோலார்_குமார்:
அந்த ஒரு படம் மட்டும் காரணமில்லை சார். 1978-இல் கிரீஷ் கார்னாட் இயக்கிய 'ஒந்தானொந்து காலதல்லி' படத்தில் அறிமுகம், அதற்கே இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது. அப்படி வந்தவர் கலைப்படம், நாடகம் என்று ஒதுங்காமல், நேராக அடிதடிப் படங்களுக்குள் இறங்கி வருடத்துக்கு ஏழெட்டு நடித்துத் தள்ளினார். பாட்டுப் பதிவுக்குக் கன்னடக்காரர்கள் மெட்ராசுக்கு ரயில் ஏறிக்கொண்டிருந்த காலத்தில் பெங்களூரிலேயே சங்கேத் ஸ்டுடியோவைக் கட்டியவரும் இவர்தான். 1990 செப்டம்பர் 30, தாவணகெரே அருகே கார் விபத்து. வயது 35. மனைவி அருந்ததி நாக் பிறகு ஜே.பி. நகரில் எழுப்பிய ரங்க சங்கரா அரங்கில் ஒரு நாடகம் பார்த்துவிடுங்கள்.

பழையபட_பைத்தியம்:
ரசிகர்கள் அடிக்க வரலாம், பரவாயில்லை. நடித்ததில் பாதி, காசுக்காகச் செய்தவை, இன்று உட்கார்ந்து பார்க்க முடியாது. ஆள் இயக்குநராகத்தான் பெரிய ஆள். 'மின்சின ஓட்ட' கார் திருடர்கள் கதை, சிறையிலிருந்து தப்பும் பகுதியைப் பார்த்தால் தெரியும். 'ஆக்சிடென்ட்' அதைவிட ஒரு படி மேல்: போதையில் காரை ஓட்டி நடைபாதையில் தூங்குகிறவர்கள் மேல் ஏற்றிவிடுகிறான் அரசியல்வாதியின் மகன். அப்பன் மூடி மறைக்கிறான், ஒரு பத்திரிகையாளன் தோண்டுகிறான். அந்த அப்பனாக நடித்தது சொந்த அண்ணன் அனந்த் நாக், தோண்டுவது இவர். தேசிய விருது வாங்கிய படம், இன்றைய செய்தித்தாளில் வந்த மாதிரியே இருக்கும்.

ஷிவமொக்கா_செல்வி:
மால்குடி டேஸை விட்டுவிட்டீர்களே! தூர்தர்ஷனில் நாம் எல்லோரும் பார்த்த அந்தத் தொடரை எடுத்தவர் இவர்தான். ஆர்.கே. நாராயணின் கதைகளில் வரும் கற்பனை ஊரான மால்குடியை, மழை ஓயாத ஆகும்பே என்ற கர்நாடக மலையூரில் உருவாக்கினார். ரயில் காட்சிகள் வந்த அரசாளு பழைய ஸ்டேஷனை இப்போது மால்குடி அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். அப்புறம், இவர் இயக்கிய 'கீதா'வில் இளையராஜா போட்ட 'ஜொதெயலி' பாட்டைக் கேளுங்கள், 'விழியிலே மணி விழியில்' மெட்டு உடனே பிடிபடும். கன்னடம்தான் முதலில், 1981.

மடிவாளா_மணி:
அட, மால்குடி இவரா! சரி, முதலில் 'ஆக்சிடென்ட்'. சப்டைட்டிலோடு எங்கே கிடைக்கும்?

பழையபட_பைத்தியம்:
யூட்யூபில் தேடுங்கள். சப்டைட்டில் இல்லாவிட்டாலும் பெங்களூரில் இருக்கும் உங்களுக்கு முக்கால்வாசி புரியும்.